டெல்டா ஊர்களில் ஒரு புதிய சர்ச்சுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலை மாற்றலாகி வந்தவர்கள், கல்யாணமாகி வந்த பெண்கள், கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள், கிறிஸ்தவர் இல்லாவிட்டாலும் ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் குடும்பமாகத் தஞ்சாவூருக்கு வந்தபோது எந்த ஆலயத்துக்குப் போவது, எத்தனை மணிக்குப் போவது, யாரிடம் என்ன காகிதம் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடம் அலைய வேண்டியிருந்தது. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவரவர் சபை வழக்கத்தையே ஊருக்கெல்லாம் பொது வழக்கம் என்று நினைத்துச் சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய் உட்கார்வது வேறு, சேர்வது வேறு. போய் உட்காரக் காகிதம் வேண்டாம், பணம் வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். சேர்வதற்குத்தான் சான்றிதழ், சந்தா, காத்திருப்பு எல்லாம். முதல் ஆறு படிகள் போய் உட்கார்வது பற்றியவை, மிச்சம் சேர்வது பற்றியவை. போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஆறாவதோடு நிறுத்திவிடலாம்.

1. அது எந்தச் சபை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெல்டாவில் தெருவில் யாரையாவது நிறுத்தி "சர்ச் எங்கே?" என்று கேட்டால், பெரும்பாலும் "மாதா கோயிலா?" என்று திருப்பிக் கேட்டு, ஊரிலேயே உயரமான கோபுரம் உள்ள ஆலயத்துக்குக் கை காட்டுவார்கள். எந்தச் சபையாக இருந்தாலும் வெளியாட்கள் பலருக்கு அது மாதா கோயில்தான். அதனால் சபையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், போனதும் வாசல் பலகையைப் படியுங்கள்.

பலகையில் "பங்கு" (ஒரு பகுதியின் ஆலயச் சமூகம்), "மறைமாவட்டம்" (பல பங்குகள் சேர்ந்தது) என்று இருந்தால் அது கத்தோலிக்க ஆலயம். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மூன்றுமே தனித்தனி மறைமாவட்டங்கள். "சி.எஸ்.ஐ." என்றும் "திருச்சி–தஞ்சாவூர் திருமண்டலம்" என்றும் இருந்தால் தென்னிந்தியத் திருச்சபை. "டி.இ.எல்.சி." என்றால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. தரங்கம்பாடி, மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் இவர்களை நிறையப் பார்ப்பீர்கள். மேற்கு மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் பலருக்கு இந்தப் பெயரே புதிது. மற்றபடி பெந்தெகொஸ்தே சபைகள், தனிப் போதகர்கள் நடத்தும் சபைகள், சகோதரர் சபைகள் எல்லாம் உண்டு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையில் ஆராதனை சனிக்கிழமை. ஞாயிறு போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும்.

வெளியூரில் நீங்கள் எந்தச் சபையில் இருந்தீர்களோ அதே சபையை முதலில் தேடுவதுதான் சுலபம். பிறகு காகித வேலை வரும்போது இது பெரிய உதவியாக இருக்கும்.

2. நேரத்தை நேரில் போய்க் கேளுங்கள்

இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பல பக்கங்களில் பழைய நேரம் அப்படியே கிடக்கிறது. வெள்ளி அல்லது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நடை போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கத்தோலிக்க ஆலயமானால் ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையையும், மற்ற ஆலயங்களில் உபதேசியாரையோ (ஜெபம் நடத்த உதவுபவர்) ஆலயப் பணியாளரையோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

நகரத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு விடிகாலையிலேயே ஒரு பூசை இருக்கும், அப்புறம் எட்டு மணியை ஒட்டி இன்னொன்று. சில இடங்களில் சாயங்காலமும் உண்டு. சனிக்கிழமை மாலைப் பூசை இருந்தால் அது ஞாயிறு பூசைக்குச் சமம். ஞாயிறு பணிக்குப் போகிற நர்சுகளும் போலீஸ்காரர்களும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பூசை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆராதனைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) உள்ள ஞாயிறானால் இன்னும் கொஞ்சம் கூடும். பெந்தெகொஸ்தே ஆராதனைக்கு முழுக் காலைப் பொழுதையும் ஒதுக்குங்கள். மதியச் சமையலை முதல் நாளே யோசித்து வைப்பது நல்லது.

கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பங்குத்தந்தை (கத்தோலிக்கக் குரு) அல்லது ஒரு ஆயர் (சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகர்) பல கிராமங்களைப் பார்க்கிறார். உங்கள் ஊர் ஆலயம் கிளைக் கிராமமாக இருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே பூசையோ நற்கருணையோ இருக்காது. மற்ற வாரங்களில் உபதேசியார் ஜெபம் நடத்துவார், அல்லது மக்கள் தாய்ப் பங்குக்குப் போவார்கள். "இந்த வாரம் எங்கே, எத்தனை மணிக்கு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஞாயிறு காலையில் டவுன் பஸ் குறைவு. விடிகாலைப் பூசைக்கு முதல் பஸ்ஸை நம்ப வேண்டாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், எட்டு மணி ஆராதனைக்கு வருகிற பெண்களுக்கு அது போதும்.

3. எந்த வாரம் போகலாம்

சாதாரண ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, ஊர்த் திருவிழா, இந்த நாட்களில் உட்கார இடமும் கிடைக்காது, ஆயரிடம் இரண்டு வார்த்தை பேசவும் முடியாது. அந்த நாளின் வழக்கத்தைப் பார்த்து, எப்போதுமே இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடவும் வாய்ப்பு உண்டு.

வேளாங்கண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கே கூட்டம் நெரியும். அதற்குச் சில நாள் முன்பிருந்தே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் சாலைகளில் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் வரிசை வரிசையாக வருவார்கள். பஸ்ஸும் தங்குமிடமும் கிடைப்பது கஷ்டம். கூட்டத்தில் யாரும் தன்னைக் கவனிக்காமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிற கூச்ச சுபாவக்காரர்களுக்கு, மற்ற மாதங்களில் வேளாங்கண்ணியும் பூண்டியும் உண்மையிலேயே நல்ல தொடக்கம். ஆனால் திருத்தலத்துக்கு எத்தனை முறை போனாலும் அது உங்கள் பங்கு ஆகிவிடாது. கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்பது குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தது. உங்கள் தெரு எந்தப் பங்கில் வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. உடை, செருப்பு, கையில் எடுத்துப்போவது

வெயிலிலும் புழுக்கத்திலும் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் பருத்தி உடை நல்லது. ஆண்களுக்கு வேட்டியோ பேண்ட்டோ எதுவும் சரி, அரைக்கால் சட்டை வேண்டாம். பெண்களுக்குச் சேலை, சுடிதார் இரண்டும் எங்கும் ஏற்றுக்கொள்ளப்படும். துப்பட்டா கட்டாயம் வைத்திருங்கள். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சகோதரர் சபைகளிலும் பெண்கள் முக்காடு போட்டுக்கொள்கிறார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் வயதான அம்மாக்கள் பலரும் அப்படித்தான் இருப்பார்கள். சில பெந்தெகொஸ்தே சபைகளில் நகை போடுவதில்லை, வெள்ளை உடுத்துவார்கள். முதல்முறை வருகிறவர்களை அதற்காக யாரும் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் பட்டும் நகையுமாகப் போனால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

செருப்பைக் கழற்றுவதா என்பதை வாசலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வெளியே செருப்பு குவிந்திருந்தால் கழற்றுங்கள். பாய் விரித்துத் தரையில் உட்காரும் இடங்களில் முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலி கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்கள் குடையோடு ஒரு பாலிதீன் பையும் வைத்துக்கொள்ளுங்கள், ஈரச் செருப்பையும் குடையையும் வைக்க உதவும்.

வேதாகமம் இருந்தால் எடுத்துப்போகலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள், மற்றச் சபைகள் வைத்திருக்கும் வேதாகமத்தில் 66. பூசையில் சீராக்கிலிருந்தோ மக்கபேயரிலிருந்தோ வாசகம் வந்தால் உங்கள் பழைய வேதாகமத்தில் தேடிப் பயனில்லை. பெயர்களும் மாறும்: மற்றச் சபைகளில் சங்கீதம் என்றால் கத்தோலிக்கத்தில் திருப்பாடல்கள், யாத்திராகமம் என்றால் விடுதலைப் பயணம். பாட்டுப் புத்தகமும் சபைக்குச் சபை வேறு. சி.எஸ்.ஐ.யில் பாமாலையும் கீர்த்தனையும், லுத்தரனில் ஞானப்பாட்டும் பாடுவார்கள். பாட்டு எண்ணைச் சுவரில் ஒரு பலகையில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதை, அங்கேதான் தொடர்ந்து போவது என்று முடிவான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

5. உள்ளே போன பிறகு

பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்னாலிருந்து மூன்றாவது, நான்காவது வரிசையில் உட்காருங்கள். முன் வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எப்போது எழுகிறார்கள், எப்போது முழந்தாளிடுகிறார்கள் என்பது தெரியாது. பல ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தம்பதியாகப் போகிறவர்கள் உட்காருவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். முழந்தாளிட முடியாதவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கலாம். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பினால் சரி.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். சிறிய கூடத்தில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் சத்தம் குழந்தைக்குத் தாங்காது. போட்டோ எடுக்காதீர்கள், திருவிழாத் தேர் பவனி மட்டும் விதிவிலக்கு.

இப்போது முக்கியமான விஷயம், நற்கருணை. முதல்முறை வருகிறவர்கள் தவறாக நடந்துவிடுவோமோ என்று அதிகம் பயப்படுவது இதில்தான். கத்தோலிக்க ஆலயத்தில் நன்மை (நற்கருணை) வாங்குவது, ஞானஸ்நானம் பெற்று முதல் நன்மையும் வாங்கிய கத்தோலிக்கர்களுக்கு மட்டும். வாங்குகிறவர்களும் ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. லுத்தரன் ஆலயத்திலும் சி.எஸ்.ஐ.யிலும் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்த பின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் நற்கருணைக்குப் போவார்கள். வேறு சபையில் அப்படி இருப்பவரானால் ஆராதனைக்கு முன்னால் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் திருவிருந்து. எந்தச் சபையிலும் நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களே அந்த வாரம் மனம் ஆயத்தமில்லை என்று உட்கார்ந்திருப்பது உண்டு. வரிசையில் உங்களுக்கு அப்பால் இருப்பவர்கள் வெளியே வர வழி விட்டால் மட்டும் போதும்.

காணிக்கைத் தட்டோ பையோ வரும்போது பத்து, இருபது ரூபாய் போடலாம். போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தவும் செய்யலாம். சில ஆலயங்களில் இரண்டு முறை காணிக்கை எடுப்பார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே உறையில் பெயர் எழுதித் தரச் சொன்னால் "அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடலாம். கத்தோலிக்க ஆலயத்தில் யாருக்காவது பூசைக் கருத்து வைக்க (அவருக்காகப் பூசையில் வேண்டும்படி கேட்க) நினைத்தால், முந்தின நாளே பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பூசை தொடங்கும் நேரத்தில் போனால் சேர்க்க முடியாது.

6. முடிந்து வெளியே வரும்போது

சி.எஸ்.ஐ.யிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று அழைப்பது சாதாரணம். எழுந்து பெயரும் ஊரும் சொல்லி "ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிடலாம். பேசப் பிடிக்காவிட்டால் கைகூப்பினாலே போதும். கத்தோலிக்க ஆலயத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே போய்ப் பேசினால்தான் உண்டு. சாமியாரைப் பார்த்து "சாமி, நாங்க இந்த ஊருக்குப் புதுசு" என்று சொன்னால் போதும், எந்த அன்பியத்தில் (பங்கின் சிறு குடும்பக் குழு) நீங்கள் வருகிறீர்கள் என்று அவரே சொல்லிவிடுவார்.

கைபேசி எண் கேட்பார்கள். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால் வாட்ஸாப் குழுவில் சேர்ப்பார்கள், அந்த வாரமே வீடு சந்திக்க வருவதாகவும் சொல்வார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கு விருப்பமில்லை என்றால் அதை அப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

டெல்டா கிராமங்களில் இன்னொரு கேள்வி வரும்: "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" தெருவின் பெயரைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி அது. ஆலய வளாகத்திலேயே இப்படிக் கேட்பது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. நீங்கள் இப்போது குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேள்வி தொடர்ந்தால் வேறு ஆலயம் பார்ப்பதில் தவறே இல்லை.

நோய்க்காக ஜெபம் கேட்டுப் போகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் யார் சொன்னாலும் சர்க்கரை மாத்திரையையும், ரத்த அழுத்த மாத்திரையையும், காசநோய் மருந்தையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

7. சேர்வதாக முடிவு செய்தால்: காகிதங்கள்

ஒரே ஆலயத்துக்குச் சில வாரம் தொடர்ந்து போய், மனதுக்குச் சரி என்று பட்ட பிறகு இதைத் தொடங்குங்கள். தேவைப்படுபவை: ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணமானவர்களுக்கு ஆலயத் திருமணச் சான்றிதழ், சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆனால் திடப்படுத்தல் சான்றிதழ், பழைய சபையிலிருந்து மாறுதல் கடிதம், குடியிருப்புக்கு ஆதார் நகல், குடும்பப் புகைப்படம். எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்து அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் அலையவிட்டது மாறுதல் கடிதம். பழைய ஊரில் ஆயர் மாறியிருந்தார், புதியவருக்கு எங்களைத் தெரியவில்லை, செயலாளர் சந்தா நோட்டைக் கேட்டார், நோட்டு பரணில் இருந்த ஏதோ ஒரு பெட்டியில். மாற்றல் உத்தரவு வந்தவுடனேயே, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் கேட்டால் நாள் இழுக்கும். நேரில் போக முடியாவிட்டால் அந்த ஊர் உறவினர் ஒருவரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழில் மூன்று இடங்களில் சிக்கல் வரும். முதலாவது, பதிவேடு இருக்கும் இடம். நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது கிளைக் கிராமமாக இருந்த ஊர் இன்று தனிப் பங்காகியிருக்கலாம். அப்படியானால் உங்கள் பெயர் புதிய பங்கின் பதிவேட்டில் இருக்காது, பழைய தாய்ப் பங்கில்தான் தேட வேண்டும். இரண்டாவது, பெயர். பதிவேட்டில் ஆரோக்கியசாமி, ஆதாரில் ஆரோக்கியராஜ் என்று இருந்தால் கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) கொடுக்கும்போது கேள்வி வரும். இரண்டும் ஒருவர்தான் என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தேதி தெரியாதது. பிறந்த வருடம், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் தேடுகிறவருக்கு வேலை குறையும். சான்றிதழுக்கு ஆலயம் வைத்திருக்கும் கட்டணத்தைக் கொடுத்து ரசீது கேளுங்கள்.

வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், பெண் வீட்டு ஆலயத்திலும் மாப்பிள்ளை வீட்டு ஆலயத்திலும் வாசிக்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்றிதழும் வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழையும் புதிதாக எடுத்துவரச் சொல்வார்கள். மண்டபம் பிடிப்பதற்கு முன் ஆலயத்தில் தேதி கேளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணம் வைக்கப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை.

8. ஞானஸ்நானம் எடுக்காதவர்கள்

ஆராதனைக்கு வருவதாலேயே உங்கள் மதமோ சாதிச் சான்றிதழோ மாறிவிடாது. ஞானஸ்நானம் எடுப்பது வேறு கதை, அதைச் சட்ட விளைவு தெரிந்து எடுக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு அரசாணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்பவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு புதுச்சேரி வழக்கில் சொல்லியிருக்கிறது. இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் இதில் இருப்பதால், எந்தச் சாதியாக இருந்தாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

காலமும் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி, பிறகு பெரும்பாலும் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம். சி.எஸ்.ஐ., லுத்தரனிலும் வகுப்பு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். தொட்டி இல்லாத சபை ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ அழைத்துப் போகும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு அப்புறம் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் அதுவும். இழுப்பு அதிகமுள்ள இடத்தில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வந்த வாரமே எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினாலும் அவகாசம் கேளுங்கள். ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வைத்தாலும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

9. சந்தாவும் கல்லறையும்

சேர்ந்த பிறகு மாதச் சந்தா தொடங்கும். தொகையை ஆலயக் குழு வைக்கிறது, உங்களால் முடிந்ததைச் சொல்லிப் பேசலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் சந்தாவுக்குப் பதில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று. சந்தாவைப் பாக்கி வைக்காதீர்கள். வீட்டில் கல்யாணமோ சாவோ வரும்போதுதான் நோட்டைத் திறப்பார்கள், அந்த நேரத்தில் பல வருடப் பாக்கியை ஒன்றாகக் கட்டச் சொன்னால் மனம் நொந்துபோகும். சி.எஸ்.ஐ.யில் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடவும் சந்தா நேராக இருக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் சேரும்போதே கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் வயதான பெற்றோர் கூட இருக்கும் வீடுகளுக்கு இது அவசியம். சபைக்குச் சொந்தக் கல்லறை இருக்கிறதா, உறுப்பினராகி எத்தனை நாளில் இடம் தருவார்கள், கட்டணம் என்ன, கல் கட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். தனிப் போதகர்கள் நடத்தும் சிறிய சபைகள் பலவற்றுக்குக் கல்லறை இல்லை. பதிலைச் செயலாளரிடம் எழுத்தில் வாங்கி, சந்தா ரசீதுகளோடும் மாறுதல் கடித நகலோடும் ஒரே கோப்பில் வையுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள்.